பனிக்கிண்ணி பூத்த வாரம்

மலைப்பாதையில் மினி பஸ் ஓட்டிய அந்தப் பெண்ணைப் பயணிகள் எல்லாரும் கியரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேட்டில் கியரை இறக்கும்போது கம்பியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தம் கடைசி இருக்கை வரை கேட்கும். பஸ் மாமனாருடையது. அவருக்குக் கண் மங்கியதும் மகன் ஓட்டுவான் என்று நம்பினார். மகனுக்கோ வண்டியைக் கண்டாலே ஆகாது. கடைசியில் மருமகள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள், மகள் டிக்கெட் பையை மாட்டிக்கொண்டாள். அண்ணியும் நாத்தனாரும் நாள் முழுக்க ஒரே வண்டியில் இருந்தும் இன்னும் முடியைப் பிடித்துக்கொள்ளவில்லையே என்று ஊரில் ஆச்சரியப்படுவார்கள்.

மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே பச்சை என்று பெயர். எந்நேரமும் இலையைக் கசக்கி மோந்துகொண்டிருந்ததால் வந்த பெயர். வளர்ந்ததும் ஊர் எல்லையில் இருந்த தாவர ஆராய்ச்சி நிலையத்தில், கண்ணாடிக் கூடத்தில் நாற்று வளர்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல மனிதன். குடி இல்லை, சூது இல்லை, கை நீட்டியதில்லை. ஒரே குறை, வாயைத் திறக்கமாட்டான். வீட்டில் அவன் பேச்சு தந்தி மாதிரி இருக்கும். சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு. குளிருதா என்றால் ஆமா. கல்யாணமான புதிதில் கியரக்கா இதைக் கூச்சம் என்று நினைத்தாள். பிறகு சுபாவம் என்று முடிவு கட்டினாள். சுபாவத்தோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

அவன் மனசு முழுக்க ஒரே ஒரு செடியில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். பனிக்கிண்ணி என்பார்கள். இடுப்பு உயரப் புதர். அந்த மலையில், அதுவும் எதிரெதிரே நிற்கும் இரண்டு முகடுகளில் மட்டும்தான் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று நிலையத்தில் சொல்வார்கள். பல வருடங்களுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்தாலும் காய் பிடிப்பதில்லை. ஒரு முகட்டில் இருந்த புதர்கள் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத சாதி. அந்த முகட்டின் தூள் இந்த முகட்டுக்கு வந்தாக வேண்டும். முன்பு பூச்சிகள் கொண்டுபோயின. நடுவில் இருந்த காட்டைக் கல்குவாரி தின்ற பிறகு பூச்சி இந்தப் பக்கம் வருவதில்லை. புதர்களுக்கு வயதாகிக்கொண்டே போயிற்று. ஆகவே அடுத்த முறை பூக்கும்போது கையால் கொண்டுபோய்த் தடவியாக வேண்டும் என்று பச்சை காத்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் மொட்டு கட்டியது. செய்தி போனதும் நகரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரி வந்து இறங்கினாள்.

நெடுநெடு என்று உயரம், ஒட்ட வெட்டிய முடி, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடாத வாய். வந்த அன்றே நாத்தனாரிடம் இந்த விசிலை எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தாள். பச்சைதான் அவளுக்கு வழிகாட்டி என்று நிலையத்தில் முடிவானது. காலை முதல் டிரிப்பில் இருவரும் ஏறி, கிழக்கு முகட்டுப் பாதை பிரியும் இடத்தில் இறங்குவார்கள். சாயங்காலம் திரும்ப ஏறுவார்கள்.

முதல் நாளே கியரக்கா பின்கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டாள். பச்சை பேசிக்கொண்டிருந்தான். ஒன்றிரண்டு வார்த்தை இல்லை, கையை ஆட்டி, ஜன்னலுக்கு வெளியே காட்டி, நிறுத்தாமல் பேசினான். அவள் ஏதோ கேட்டாள். அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அவனுக்கு மேல் வரிசையில் ஒரு பல் உடைந்திருக்கிறது என்பதே கியரக்காவுக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தித் திட்டிக்கொண்டே போனான்.

"அண்ணி, ரோடு முன்னாடி இருக்கு" என்றாள் நாத்தனார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. சேற்றில் இறங்கப்போகிறவன் செருப்பைத் துடைத்தான். தலையில் தண்ணீர் தடவிப் படிய வாரினான். குளிக்கும்போது ஏதோ முணுமுணுப்பாகப் பாட்டுச் சத்தம் வந்தது. சாப்பாட்டு டப்பாவில் கொஞ்சம் கூடப் போடு என்றான் ஒரு நாள்; அவளும் பசி போல என்று அள்ளி வைத்தாள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறிய ஆராய்ச்சிக்காரி, "அக்கா, உங்க கைமணமே தனி. பாதி டப்பாவ நான்தான் காலி பண்ணினேன்" என்றாள். அந்த அக்கா என்ற சொல்லும் பிடிக்கவில்லை, கைமணமும் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் அப்படியொன்றும் இல்லை. மறுநாள் குழம்பில் வேண்டுமென்றே உப்பை வாரிக் கொட்டினாள். டப்பா வழித்து நக்கின மாதிரி திரும்பி வந்தது. அதைக் கழுவும்போது அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மூடி நசுங்கிவிட்டது.

நாத்தனார் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அண்ணனுக்கு அதெல்லாம் தெரியாது, இலைக்குப் பின்பக்கம் என்ன நிறம் என்பதைத் தாண்டி அவன் யோசிக்கமாட்டான் என்று சொல்லிப் பார்த்தாள். கியரக்காவுக்கு அது சமாதானமாக இல்லை. கள்ளத்தனம் எதுவும் இல்லை என்று அவளுக்கே தெரியும். நடுரோட்டில், பத்துப் பயணிகளுக்கு முன்னால், கண்ணாடியில் தெரிகிற மாதிரி யாரும் கள்ளத்தனம் செய்யமாட்டார்கள். அவள் வயிறு எரிந்தது அதற்கில்லை. தன் வீட்டில் இல்லாத ஒரு ஆள் தன் பஸ்ஸில் இருக்கிறானே, அவன் யார் என்பதுதான் அவளைத் தின்றது.

மொட்டுகள் வெடிக்கத் தொடங்கிய வாரம். அன்றைக்குச் சாயங்காலம் பச்சை மேலேயே தங்கிவிட்டான். மொட்டுகளுக்கு வலைப்பை கட்டுகிற வேலை மிச்சம் இருந்தது. ஆராய்ச்சிக்காரி மட்டும் ஏறினாள். வண்டியில் வேறு கூட்டமில்லை, நாத்தனார் பின்னால் கண்ணயர்ந்திருந்தாள். ஆராய்ச்சிக்காரி முன்னால் வந்து இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். லேசாகத் தூறியது. கொஞ்ச தூரம் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தையப் பத்தி அவர் சொன்னார். கையில வாங்கிப் பாத்தாராமே. காது அப்படியே உங்களது மாதிரி இருந்துச்சாம். எனக்கு அன்னிக்கு முழுக்க மனசே சரியில்ல."

கியரக்கா வளைவில் வண்டியைத் திருப்பினாள். சரியாகத்தான் திருப்பினாள். திருப்பி முடித்த பிறகுதான் கியர்க் கம்பியைத் தட்ட மறந்தது தெரிந்தது.

அந்தக் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவளுக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்து, அடக்கமும் ஆகியிருந்தது. பெண் குழந்தை என்று ஒரு நர்ஸ் சொன்னாள். அவ்வளவுதான். பச்சை கட்டில் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்த மறுநாளே அவன் மலையேறிப் போய்விட்டான். இவளும் தையல் ஆறியதும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அதைப் பற்றி அவர்கள் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனுக்கு அது ஒட்டவே இல்லை என்று அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

அவன் பார்த்திருக்கிறான். கையில் வாங்கியிருக்கிறான். பெற்றவளுக்குத் தெரியாத காது, எங்கிருந்தோ வந்த ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

ஆராய்ச்சிக்காரி ஏதோ ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கியரக்கா ம் கொட்டினாள். விடுதி வாசலில் அவளை இறக்கிவிட்டு, பார்த்துப் போங்க என்றுகூடச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியை ஒதுக்கித் தன் காதைப் பார்த்தாள். சாதாரணக் காது. மடல் கொஞ்சம் முன்னால் மடங்கியிருந்தது. வேறொருத்தி இதை உற்றுப் பார்த்திருப்பாள், ஓ இதுதானா என்று மனதுக்குள் ஒப்பிட்டிருப்பாள் என்று தோன்றியதும் முடியை இழுத்து மூடிக்கொண்டாள்.

இருட்டிய பிறகு பச்சை நடந்தே வந்தான், சாப்பிட்டான். நாளைக்குப் பூத்துவிடும் என்றான். அவனாக வந்து ஒரு செய்தி சொல்வது அபூர்வம். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அவன் எதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் கிழக்கு முகட்டில் பூ விரிந்தது. மத்தியானம் இரண்டு டிரிப்புகளுக்கு நடுவில் நிலையத்தார் பஸ்ஸை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வேறு பயணிகள் இல்லை. பச்சையும் ஆராய்ச்சிக்காரியும் மகரந்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் தட்டியெடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு ஓடி வந்து ஏறினார்கள். மேற்கு முகட்டில் காலையில் விரிந்த பூக்கள் சாயங்காலம் வரைதான் தூளை ஏற்கும், வாடினால் முடிந்தது. ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போகும். நேரம் இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை.

பச்சை பிளாஸ்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தான். ஆராய்ச்சிக்காரி அதன் மூடியைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் குனிந்து பிளாஸ்கைப் பார்த்துச் சிரித்தான். கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி இருந்தது அது. கியரக்கா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள். பள்ளத்தாக்குக்கு மேலே இருந்த பெரிய வளைவில் வண்டியை ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்தாள்.

"பெல்ட் போயிடுச்சு" என்றாள்.

இறங்கி முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாகும் என்று ஆராய்ச்சிக்காரி கேட்டாள். வேறு பெல்ட் கீழேயிருந்துதான் வரவேண்டும், பொழுது சாய்ந்துவிடும் என்று கியரக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதற்கு மேல் அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பச்சை சூரியனைப் பார்த்தான். பள்ளத்தாக்கைப் பார்த்தான். இப்படியே இறங்கி ஓடையைத் தாண்டி ஏறினால் மேற்கு முகட்டுக்குப் போய்விடலாம், ஆட்டுத்தடம் ஒன்று இருக்கிறது என்றான். ஆராய்ச்சிக்காரி உடனே கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் சரிவில் இறங்கினார்கள்.

கியரக்கா வளைவின் தடுப்புச் சுவரில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். ஓடைக்கரையில் அவன் முதலில் பாறையில் ஏறி, திரும்பிக் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். அடுத்த பாறைக்குப் போன பிறகும் விடவில்லை. பஸ் ஓடியிருந்தால் அந்தக் கை நீண்டிருக்காது. தானே கூட்டிவந்து, தானே இறக்கிவிட்டு, தானே மேலே நின்று வேடிக்கையும் பார்க்கிறோம் என்று கியரக்காவுக்கு உறைத்தது. அதற்குள் பனிமூட்டம் ஒன்று பள்ளத்தாக்கில் நுழைந்து இருவரையும் மறைத்துவிட்டது.

நாத்தனார் பின்னால் வந்து நின்றாள். அவள் இதற்குள் முன்மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டிருந்தாள்.

"அண்ணி, பெல்ட் நல்லாத்தான இருக்கு."

கியரக்கா தடுப்புச் சுவரிலிருந்து கையை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"அண்ணன் இந்தப் பூவுக்காக எத்தன வருஷமா..."

"அவரு குழந்தையப் பாத்தாராம்" என்றாள் கியரக்கா. "கையில வாங்கினாராம். அவகிட்ட சொல்லியிருக்காரு. உனக்குத் தெரியுமா?"

நாத்தனார் கையிலிருந்த விசிலைப் பையில் போட்டாள். அண்ணன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வெகுநேரம் சுவரோடு சுவராக நின்றான், அது தெரியும். கையில் வாங்கியது எனக்கும் தெரியாது என்றாள். பிறகு இரண்டு பேரும் பனியைப் பார்த்தார்கள். அந்தச் சரிவு நல்ல நாளிலேயே வழுக்கும். பனியில் தடம் தெரியாது. கியரக்கா முன்மூடியை அறைந்து சாத்தினாள், வண்டியில் ஏறினாள், சுற்றுப்பாதையில் மேற்கு முகட்டை நோக்கி விட்டாள். அன்றைக்கு அவள் ஓட்டிய மாதிரி அதற்கு முன் ஓட்டியதில்லை. நாத்தனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடவுள்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள்.

மேற்கு முகட்டு அடிவாரத்தில் அவர்கள் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மேலே ஏறிப் பார்க்கலாமா என்று நாத்தனார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு உருவம் பனிக்குள்ளிருந்து இறங்கி வந்தது. பச்சை மார்பு வரை நனைந்திருந்தான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. ஆராய்ச்சிக்காரி நொண்டினாள். ஓடையின் நடுவில் அவள் சறுக்க, அவளைப் பிடிக்கப் போய் அவனும் விழுந்திருக்கிறான். பிளாஸ்க் பாறையில் மோதிக் குழாய் உடைந்து தண்ணீர் புகுந்துவிட்டது. ஈரமான தூளைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார்களாம். நனைந்த மகரந்தம் சேறு மாதிரிதான், பிரயோஜனமில்லை என்று ஆராய்ச்சிக்காரி சொன்னாள். பிறகு நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள்.

"வண்டி சரியாயிடுச்சா அக்கா? என்ன ஆச்சு?"

கியரக்கா வாயெடுப்பதற்குள் பச்சை பேசினான்.

"பெல்ட் கழண்டிருக்கும் மேடம். மாட்டினா ஓடும். இந்த வண்டிக்கு இது வழக்கம்தான்."

அவன் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் ஏறிப் போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தான்.

ஆராய்ச்சிக்காரியை விடுதியிலும், நாத்தனாரை வீட்டு வாசலிலும் இறக்கிவிட்டு, கியரக்கா பஸ்ஸை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். பச்சை இறங்கவில்லை. அவளும் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டு ஸ்டியரிங்குக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவன் ஈரச் சட்டையைப் பிழிகிற சத்தம் கேட்டது.

"திட்டணும்னா திட்டிடுங்க" என்றாள்.

"திட்டத் தெரியல" என்றான். சட்டையை இன்னொரு முறை பிழிந்துவிட்டு, "கோவம் இருக்கு. நிறைய இருக்கு" என்றான்.

அவள் எழுந்து பின்னால் போய் அவனுக்கு முந்தின இருக்கையில் திரும்பி உட்கார்ந்தாள். ஷெட்டுக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. குழந்தையைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அவன் கை சட்டையைப் பிழிவதை நிறுத்தியது. ம் என்றான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் இந்த முறை விடுவதாக இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு அது ஒரு சேதி. கேட்டாங்க, வருத்தப்பட்டாங்க, அடுத்த செடிக்குப் போயிட்டாங்க. உங்கிட்ட சொன்னா அப்படியா?"

"நான் தாங்கமாட்டேன்னு நினைச்சீங்களா?"

"நீ அழுதா நான் தாங்கமாட்டேன்" என்றான்.

இத்தனை வருடமும் அவன் கல் என்று நினைத்து அவளும், அவள் ஆறிவிட்டாள் என்று நினைத்து அவனும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் இன்னொன்று வந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"அவகிட்ட சொல்லாதது ஏதாவது மிச்சம் இருக்கா? எல்லாத்தையும் கொட்டிட்டீங்களா?"

பச்சை நனைந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டான்.

"கை மூடியிருந்துச்சு" என்றான். "இடது கை. என் விரல உள்ள விட்டுப் பாத்தேன். போச்சு. பிடிச்சுக்கிட்ட மாதிரியே இருந்துச்சு. நர்ஸ் வந்து வாங்கினப்போ விரல உருவிக்க எனக்கு மனசு வரல." சட்டையின் ஒரு பொத்தானைத் திருகினான். "இத யார்கிட்டயும் சொல்லல. தங்கச்சிகிட்டகூட."

அப்போதுதான் அவள் அழுதாள். அவன் எழுந்து போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஈரச் சட்டையையே அவளிடம் நீட்டினான், முகத்தைத் துடைக்க. அவளும் வாங்கித் துடைத்துக்கொண்டாள். அதில் ஓடைத் தண்ணீர் வாசமும் பாசி வாசமும் அடித்தது.

மறுநாள் விடியும்போது அவன் அவளைத் தட்டி எழுப்பினான். கிழக்கு முகட்டில் பாறை நிழலில் ஒரு புதர் தாமதமாக மொட்டு விட்டிருந்தது; இன்றைக்கு விரியலாம். மேற்கே இன்னும் சில மொட்டுகள் மிச்சம் உண்டு. வண்டி வருமா என்று கேட்டான். வேறு பேச்சு இல்லை. முதல் டிரிப்பை ரத்து செய்ததற்குப் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பொறுப்பை நாத்தனார் ஏற்றுக்கொண்டாள்.

கியரக்கா பஸ்ஸைப் பாதை பிரியும் இடத்தில் விட்டுவிட்டு, இந்த முறை தானும் மேலே ஏறினாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தச் செடியைப் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்க ஏறிப் போனால், பாறை இடுக்கில் ஒரு சாம்பல் நிறப் புதர். இலை தடித்து, பின்பக்கம் துருவேறின மாதிரி இருந்தது. கிளை நுனியில் வெளிர்மஞ்சளாக ஒரு பூ, அடியில் மட்டும் சிவப்பு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒரு துளி பனி நின்றது.

"இதுக்கா?" என்றாள் அவள், அடக்கமுடியாமல்.

பச்சை ஆமா என்று தலையசைத்தான். ஆராய்ச்சிக்காரி அடிபட்ட காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தூரிகையால் தூளைத் தட்டியெடுத்தாள். அவள் கண் பூவைவிட்டு நகரவில்லை. அவன் கண்ணும் பூவைவிட்டு நகரவில்லை. இருவர் தலையும் முட்டிக்கொள்கிற அளவுக்குக் குனிந்திருந்தன. ஒருவருக்கொருவர் அங்கே இருப்பதே தெரிந்த மாதிரி இல்லை. அந்த மூன்று பேரில் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது கியரக்கா ஒருத்திதான். அதைப் பார்த்த பிறகும் எரிச்சல் முழுசாக அடங்கவில்லை. ஆனால் எரிகிற இடம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

அன்றைக்கு பஸ் எங்கும் நிற்கவில்லை. வழியில் கை காட்டிய தெரிந்தவர்கள் எல்லாரும் அப்புறம் பல நாள் கியரக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மேற்கு முகட்டில் வெயில் சாய்வதற்கு வெகு முன்பே தூளைத் தடவி, பூக்களுக்கு வலைப்பை கட்டி முடித்தார்கள். கீழே இறங்கியதும் ஆராய்ச்சிக்காரி கியரக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கியரக்கா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒரு முறை முதுகில் தட்டிவிட்டு விலகினாள்.

வந்த வேலை முடிந்து ஆராய்ச்சிக்காரி நகரத்துக்குப் போனாள். அந்த பெல்ட்டைப் பற்றி அவள் பிறகு கேட்கவே இல்லை. அவளுக்கு உண்மை தெரிந்ததா இல்லையா என்பதைக் கியரக்காவால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. பச்சையும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் வீட்டில் அவன் பேச ஆரம்பித்தான். முதலில் தத்துப்பித்தென்று, சாப்பிடும்போது. பிறகு கொஞ்சம் நீளமாக. விதை உறை, வேர்ப்பூஞ்சை, மண்ணின் புளிப்பு என்று போகும். முக்கால்வாசி அவளுக்குப் புரியவில்லை. சில நாள் கொட்டாவியே வந்தது. இருந்தாலும் இடையில் நிறுத்தவிடமாட்டாள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இன்னொருத்தி கேட்டதைவிட ஒன்றாவது கூடக் கேட்டுவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. அவளும் ரோட்டில் பார்த்ததை எல்லாம் சொன்னாள். அவன் பாதி கேட்டான், பாதியில் தூங்கினான்.

தூள் தடவியதில் பெரும்பாலான பூக்கள் உதிர்ந்துவிட்டன. ஒரே ஒரு கிளையில் மட்டும் காய் பிடித்தது. அது முற்றி வெடிக்கிற வரை பச்சைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விதைகளைக் கண்ணாடிக் கூடத்தில் தட்டில் போட்டான். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. நிலையத்தில் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் காலையில், முதல் டிரிப்புக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவன் கண்ணாடிக் கூடத்திலிருந்து வீடு வரை ஓடி வந்து கியரக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தட்டில் கடுகுமுனை அளவுக்குப் பச்சையாகச் சில புள்ளிகள். மூக்கு தட்டில் படுகிற வரை குனிந்தால்தான் தெரிந்தது. முதலில் யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டாள். உன்கிட்டதான் என்றான். அதை அவள் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

அவன் தட்டுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனபோது மேசை மேலிருந்த அவன் போன் அடித்தது. எடுத்தால் ஆராய்ச்சிக்காரி. அவர் இல்லையா என்று கேட்டாள். கியரக்காவுக்குப் பழைய எரிச்சல் பழைய இடத்திலேயே எழுந்தது. கை வேலையாக இருக்கிறார், என்னிடமே சொல்லலாம் என்றாள். விதை ஏதாவது முளைத்ததா என்று ஆராய்ச்சிக்காரி கேட்டாள். கேட்கும்போதே, இல்லை என்ற பதிலுக்குத் தயாராக இருக்கிற குரல்.

"முளைச்சிருக்கு" என்றாள் கியரக்கா. "நான் இப்பதான் பாத்தேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் நின்றுவிட்டதோ என்று அவள் காதைவிட்டு எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தபோது அழுகைச் சத்தம் கேட்டது. சின்னக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். அவள் அழுது முடிக்கிற வரை கியரக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே நாத்தனார் நேரமாகிறது என்று விசில் ஊதிக்கொண்டிருந்தாள்.

"நான் அழுதத அவர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா" என்றாள் ஆராய்ச்சிக்காரி கடைசியில்.

சொல்லமாட்டேன் என்றாள் கியரக்கா. பச்சை வாளியோடு திரும்பி வந்து, யார் போனில் என்று கேட்டான். மேடம்தான், முளைத்ததைச் சொல்லிவிட்டேன், சந்தோஷப்பட்டார்கள் என்றாள். வேறென்ன சொன்னார்கள் என்று அவன் ஆவலாகக் கேட்டான்.

"வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, அவள் சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.